மூச்சுக்கும் பனிக்கும் நடுவே ஒரு கண்ணாடி

1988 பிப்ரவரி. கனடாவின் கால்கரி நகரில் குளிர்கால ஒலிம்பிக். பனிச்சறுக்குத் தாண்டல் போட்டிக்குப் பிரிட்டனின் சார்பில் வந்து நின்றவர் மைக்கேல் எட்வர்ட்ஸ். சுவர்ப் பூச்சு வேலை செய்து பிழைத்தவர். ‘எடி தி ஈகிள்’ என்று உலகம் அவரைக் கூப்பிட்டது, பாதி அன்பிலும் பாதி கேலியிலும். 70 மீட்டர், 90 மீட்டர் என்ற இரண்டு பிரிவுகளிலும் அவருக்குக் கடைசி இடம்தான். அன்றைய படங்களில் முதலில் கண்ணில் படுவது அவருடைய மூக்குக்கண்ணாடி. தலையில் ஹெல்மெட், அதன் கீழே காகிள்ஸ், காகிள்ஸுக்குள்ளே தடித்த லென்ஸ் போட்ட கண்ணாடி. எடிக்குத் தூரப்பார்வைக் குறை. கண்ணாடியைக் கழற்ற முடியாது. போட்டுக்கொண்டால் மலை உயரத்தில் ஆவி படிந்துவிடும். உலகத்தின் மிக உயர்ந்த விளையாட்டு மேடையில், சரிவுப் பாதையின் உச்சியில் நின்ற ஒரு மனிதருக்குத் தன் முன்னால் என்ன இருக்கிறது என்பது சில சமயம் சரியாகத் தெரியவில்லை.

எடியின் கதையைப் படமாக எடுத்துவிட்டார்கள். அவருடைய கண்ணாடியின் கதையை யாரும் எடுக்கவில்லை. எனக்கு அதில்தான் ஆர்வம், ஏனென்றால் எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஆறு.

மைனஸ் ஆறு என்றால் கண்ணாடியைக் கழற்றியபின் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பதுதான் தெளிவு, மற்றதெல்லாம் வண்ணப் புகை. இப்படிப்பட்டவன் பனிச்சறுக்கப் போகக்கூடாதுதான். ஆனால் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் வீட்டில் பிப்ரவரியில் தங்கினால் வேறு வழியில்லை. அந்நாட்டுப் பள்ளிகள் பல, பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு வாரம் பனிச்சறுக்கு முகாமுக்கு அழைத்துப் போகின்றன. அங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது நமக்கு நீச்சல் மாதிரி. நண்பரின் பன்னிரண்டு வயது மகள் ‘மாமாவுக்குப் பழக்கிவிடுறன்’ என்று பொறுப்பெடுத்துக்கொண்டாள். கிரிண்டல்வால்ட் என்ற மலையூரில் ஒரு வாடகைக் கடையில் ஹெல்மெட்டும் காகிள்ஸும் வாங்கி, என் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொண்டேன். கடைக்காரர் ‘இது எல்லாக் கண்ணாடிக்கும் சேரும்’ என்றார். முதல் சரிவு முடிந்து சேர்லிஃப்டுக்கான வரிசையில் நின்றபோது உலகம் வெள்ளையாகிவிட்டது. பனிதான் என்று நினைத்தேன். காகிள்ஸை ஹெல்மெட்டின் மேல் தூக்கிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கக் கையுறையைக் கழற்றினேன்.

“மாமா, தூக்காதேங்கோ! தூக்கினா இனிப் போகாது!”

அவள் சொன்னது சரியாக இருந்தது. அன்று மாலை வரை அந்த மூட்டம் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் இந்த அத்தியாயம்.

சென்னைவாசிக்கு இதன் முதல் பாதி தெரிந்ததுதான். ஏசி காரிலிருந்து வெயிலில் இறங்கியதும் கண்ணாடி குருடாகிறது. சோறு வடிக்கும்போது, காப்பி டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது, கொரோனா காலத்தில் முகக்கவசத்தின் மேல்விளிம்பு வழியாக மூச்சு மேலேறியபோது எல்லாம் இதே கதை. காற்று தாங்கக்கூடிய நீராவிக்கு ஓர் அளவு உண்டு. வெப்பம் குறையக் குறைய அந்த அளவு சுருங்கும். 34 டிகிரியில், அதாவது நம் தோலின் வெப்பத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 37 கிராம் நீராவி நிற்க முடியும். பூஜ்யம் டிகிரியில் 5 கிராம்கூட நிற்காது. மைனஸ் பத்தில் 2 கிராம் சொச்சம். மிச்சம் எங்கே போகும்? எது குளிர்ந்து கிடக்கிறதோ அதன்மேல் உட்காரும்.

காகிள்ஸுக்குள் இருக்கும் காற்று ஒரு டம்ளர் அளவு, கால் லிட்டர் என்று வையுங்கள். வியர்த்த முகத்தின் வெப்பத்தில் அது முழுக்க ஈரமாகிவிட்டால் அதிலுள்ள நீர் ஒன்பது மில்லிகிராம். ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. இந்தத் துளியிலும் துளி, ஒரு காகிள்ஸ் பரப்பு முழுக்க ஒரு மைக்ரான் தடிப்புக்குக் கொஞ்சம் குறைவாகப் படரப் போதும். பார்வையை மறைக்க அது தாராளம்.

மறைப்பது தண்ணீர் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவானதுதான். கெடுப்பது அது நிற்கும் வடிவம். லென்ஸின் மேல் நீர் ஆயிரமாயிரம் குட்டித் துளிகளாக நிற்கிறது. ஒவ்வொரு துளியும் ஒரு லென்ஸ். ஒவ்வொன்றும் ஒளியைத் தன் இஷ்டத்துக்கு வளைக்கிறது. தாமரை இலைத் தண்ணீர்போல ஒட்டாமல் இருக்க வேண்டும் என்று நம்மூரில் உபதேசம் செய்வார்கள். இங்கே நேர்மாறு: ஒட்ட வேண்டும். தண்ணீர் பரப்போடு ஒட்டிப் பாயாக விரிந்துவிட்டால் ஒளி நேராகப் போகும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. காகிள்ஸின் உட்பக்கத்தில் பூசும் ஆவித்தடைப் பூச்சு இந்த வேலையைத்தான் செய்கிறது. நீரை விரும்பி உறிஞ்சும் மெல்லிய படலம் அது. ஈரமாக இருக்கும்போது மென்மையாகிவிடும். அப்போது விரலாலோ சட்டை நுனியாலோ அதைத் துடைத்தால் பூச்சு கீறி உரிந்துவிடும். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அதே இடத்தில் மூட்டம் நிற்கும். வாடகைக் காகிள்ஸ் ஏன் எப்போதும் மோசமாக இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டாம். எத்தனை பேர் துடைத்திருப்பார்கள்!

பூச்சுக்கும் முந்தியது இரட்டை லென்ஸ். 1965-இல் அமெரிக்காவில் பாப் ஸ்மித் என்ற பல் சீரமைப்பு மருத்துவர், பனிச்சறுக்குப் பித்தர், இரண்டு லென்ஸ்களை இடைவெளி விட்டு ஒட்டி, ஓரங்களில் காற்று புகும் நுரைப்பஞ்சு வைத்துக் காகிள்ஸ் செய்தார். குளிர்நாட்டு வீடுகளின் இரட்டைச் சன்னல் செய்யும் வேலை இது. நடுவில் அசையாமல் நிற்கும் காற்று, பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு வெப்பத்தைத்தான் கடத்தும். வெளி லென்ஸ் மைனஸ் பத்தில் இருந்தாலும் உள் லென்ஸ் கதகதப்பாக இருக்கும். ஆவி உட்கார இடம் இல்லை. பின்னால் பெரிய நிறுவனமான இந்த யோசனைக்கு இன்றுவரை மாற்று வரவில்லை. ஒரு சிக்கல் மட்டும் உண்டு: அடைபட்ட காற்று உயரத்தில் உப்பும். சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊரிலிருந்து 3,883 மீட்டர் உயரத்து மேல்நிலையத்துக்குத் தொங்கூர்தியில் போனால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். லென்ஸ் கொஞ்சம் வீங்கி, பார்வை நெளியும். அதனால் நல்ல காகிள்ஸில் காற்றை மட்டும் விட்டு நீரைத் தடுக்கும் நுண்துளை அடைப்பான் ஒன்றை வைக்கிறார்கள்.

இப்போது என் மூக்குக்கண்ணாடிக்கு வருவோம். இரட்டை லென்ஸ் காகிள்ஸைக் காப்பாற்றியது, அதற்குள் இருக்கும் கண்ணாடியைக் காப்பாற்ற அது உருவாக்கப்படவில்லை. என் கண்ணாடி வியர்க்கும் முகத்துக்கும் உள் லென்ஸுக்கும் நடுவில், ஈரம் நிறைந்த சின்ன அறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஓடும்போது பிரச்சினை இல்லை. காற்று துளைகள் வழியாகப் புகுந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு போகும். கண்ணாடியும் முகத்தின் வெப்பத்துக்கு அருகில் இருக்கும். நின்றால்தான் வினை. சறுக்கி முடித்த உடம்பு கொதிக்கிறது, வியர்வை ஊறுகிறது, காற்றோட்டம் நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து நான் காகிள்ஸை மேலே தூக்குகிறேன். மைனஸ் எட்டுக் குளிரில் என் கண்ணாடி ஒரு நிமிடத்துக்குள் குளிர்ந்துவிடுகிறது. மேலே போன காகிள்ஸோ ஹெல்மெட்டின் காற்றுத்துளைகளுக்கு நேரே உட்கார்ந்து, தலையிலிருந்து எழும் சூடான ஈரக்காற்றைக் குடிக்கிறது. ஹெல்மெட்டின் மேல் பனித்தூள் இருந்தால் அதுவும் நுரைப்பஞ்சுக்குள் புகுந்து உருகும். பிறகு ஈரமான காகிள்ஸைக் குளிர்ந்த கண்ணாடியின் மேல் இறக்குகிறேன். பன்னிரண்டு வயதுப் பெண் ஒரு வாக்கியத்தில் சொன்னதன் இயற்பியல் இவ்வளவுதான். கழற்ற வேண்டியிருந்தால் முழுதாகக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொள்வார்களாம். அதையும் அவள்தான் சொன்னாள்.

எடியின் லென்ஸ் தடிமன் வேறு. தடித்த லென்ஸ் குளிர்ந்தால் மறுபடி சூடாக நேரம் எடுக்கும். அதுவரை மூட்டம் விலகாது.

ஹெல்மெட்டை நான் வெறும் தொப்பியாக நினைத்திருந்தேன். அது இந்தக் காற்றுப் பாதையின் மேல்கதவு. காகிள்ஸின் மேல்விளிம்பில் துளைகள் இருக்கின்றன, அவை வழியாகச் சூடான காற்று தானாகவே மேலேறும். ஹெல்மெட்டின் நெற்றி விளிம்பு அதன்மேல் சரியாகப் பொருந்தினால், விளிம்பிலிருக்கும் துளைகள் அந்தக் காற்றை உறிஞ்சி உள்ளே இழுத்துப் பின்பக்கமாக வெளியேற்றும். சில நிறுவனங்கள் ஹெல்மெட்டையும் காகிள்ஸையும் ஜோடியாகவே வடிவமைப்பது விற்பனைத் தந்திரம் மட்டும் அல்ல. விளிம்பு தாழ்ந்து காகிள்ஸை அமுக்கினால் துளைகள் அடைபடும். காகிள்ஸ் கீழே நகர்ந்து மூக்கை நசுக்கும், மூச்சு மேலே ஏறும். விளிம்பு உயர்ந்து நெற்றி தெரிந்தால் அந்தக் கீற்றில் குளிர்காற்று அறையும், தலைவலி வரும். அந்த நெற்றிக் கீற்றைப் பார்த்தே ‘இவர் புதுசு’ என்று பழகியவர்கள் சிரிப்பார்கள். என் நெற்றியில் இரண்டு விரல் அகலம் தெரிந்தது.

காதுப் பக்கமும் கவனிக்க வேண்டும். ஐரோப்பியத் தரவிதி ‘ஈ.என். 1077’ பனிச்சறுக்கு ஹெல்மெட்டை இரண்டாகப் பிரிக்கிறது. ஏ வகையில் கெட்டி ஓடு காதையும் மூடும், பந்தய வீரர்கள் போடுவது அது. பி வகையில் காதுக்கு மெத்தை மடல்தான். கண்ணாடியின் காதுக்கம்பி இருப்பவருக்கு ஏ வகை சித்திரவதை. பி வகையிலும், தடித்த பிளாஸ்டிக் கம்பி என்றால் மடல் அதைக் காதுக்கு மேலுள்ள எலும்போடு சேர்த்து அழுத்தும். முதல் பத்து நிமிடம் தெரியாது. இரண்டு மணி நேரத்தில் வேறு எதுவும் தெரியாது. மெல்லிய, வளையாமல் நேராகப் போகும் கம்பிதான் ஹெல்மெட்டுக்குச் சரி. அழுத்தத்தில் ஒரு கம்பி மேலே ஏறிவிட்டால் வலி மட்டும் அல்ல, பார்வையும் போகும். லென்ஸின் மையம் கண்மணிக்கு நேரே இல்லாவிட்டால் லென்ஸ் ஒரு முப்பட்டகமாக வேலை செய்யத் தொடங்கும். என் மைனஸ் ஆறில் ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்தால் போதும், இரண்டு கண்ணின் காட்சிகளும் மேலும் கீழுமாக விலகும். பக்கவாட்டு விலகலைக் கண்கள் சமாளிக்கும். மேல்கீழ் விலகலைச் சகிக்கும் சக்தி அவற்றுக்கு மிகக் குறைவு. மலைச்சரிவில் தலைசுற்றல் வந்தால் உயரத்தைக் குறை சொல்வதற்கு முன் கண்ணாடி கோணலா என்று தொட்டுப் பாருங்கள்.

மில்லிமீட்டர் கணக்குக்கு வந்துவிட்டோம். பவர் கண்ணாடி போடுபவர் பனிச்சறுக்கப் போனால் ஐந்து வழிகள் உண்டு. கண்ணாடிக்கு மேலேயே போடக்கூடிய, உள்ளே ஆழமும் பக்கங்களில் கம்பிக்கு வெட்டும் உள்ள பெரிய காகிள்ஸ் ஒன்று. சாதாரணக் காகிள்ஸின் உட்புறத்தில் மாட்டும் பவர் செருகு லென்ஸ் இன்னொன்று. பவரையே காகிள்ஸில் செய்து வாங்குவதும், முகத்தை மூடும் வைசர் வைத்த ஹெல்மெட்டும் உண்டு. கான்டாக்ட் லென்ஸ் இருக்கிறது. விளம்பரங்கள் பெரும்பாலும் செருகு லென்ஸைத்தான் புகழ்கின்றன: காதுக்கம்பி இல்லை, அழுத்தம் இல்லை, விலையும் அதிகம் இல்லை. எல்லாம் உண்மை. அவை சொல்லாதது தூரம்.

கண்புரை அறுவை செய்துவிட்டு உள்ளே லென்ஸ் வைக்காத காலத்தில், தாத்தாக்கள் சோடாபுட்டிக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி நாளிதழ் படித்தது நினைவிருக்கிறதா? அது பழக்கதோஷம் இல்லை, ஒளியியல். ப்ளஸ் லென்ஸ் கண்ணிலிருந்து விலக விலக அதன் பவர் கூடும். மைனஸ் லென்ஸ் விலகினால் பவர் குறையும். சாதாரணக் கண்ணாடி கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று கொள்வோம். அதே மைனஸ் ஆறு லென்ஸ் செருகுச் சட்டத்தில் 22 மில்லிமீட்டர் தள்ளி நின்றால், கண்ணுக்குப் போய்ச் சேரும் பவர் 0.3 டயாப்டர் குறையும். சிறிய எண்தான். ஆனால் அதன் பொருள், மூன்று மீட்டர் சொச்சத்துக்கு அப்பால் உள்ளதெல்லாம் கொஞ்சம் கலங்கும் என்பது. மணிக்கு 40 கிலோமீட்டரில் சறுக்குபவர் ஒரு நொடியில் 11 மீட்டர் போகிறார். அவருக்கு வேண்டியதெல்லாம் மூன்று மீட்டருக்கு அப்பால்தான் இருக்கிறது.

அடுத்தது வளைவு. காகிள்ஸ் முகத்தைச் சுற்றி வளைகிறது, செருகு லென்ஸும் சில வகைகளில் அதோடு சேர்ந்து வளைகிறது. லென்ஸைச் சாய்த்தால் பவர் மாறும். சாய்ந்த திசையில் இல்லாத சிலிண்டர் பவரும் முளைக்கும். மைனஸ் ஆறை 20 டிகிரி பக்கவாட்டில் திருப்பினால் ஏறத்தாழ 0.8 டயாப்டர் சிலிண்டர் வந்து சேரும். 10 டிகிரி என்றால் 0.2தான். சாய்வு இரட்டித்தால் கேடு நான்கு மடங்காகிறது. இதற்கு ஈடுகட்டி லென்ஸை அறுக்கும் கணக்கு, அதற்கான கணினி நிரல் எல்லாம் நல்ல கூடங்களில் உண்டு. ஆனால் பலரும் வீட்டுக் கண்ணாடிச் சீட்டை அப்படியே அனுப்பி, அப்படியே வெட்டி, அப்படியே மாட்டிக்கொள்கிறார்கள். மைனஸ் இரண்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாது. ஐந்தைத் தாண்டியவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: செருகு லென்ஸ் கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கும், எவ்வளவு வளைந்து நிற்கும்? கடைக்காரர் விழித்தால் எழுந்து வந்துவிடலாம். செருகு லென்ஸும் ஆவி படியும் பரப்புதான், அதற்கும் ஆவித்தடைப் பூச்சு வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இத்தனை சிக்கலையும் ஒரே தாண்டலில் கடப்பது கான்டாக்ட் லென்ஸ். தூரம் பூஜ்யம். சாய்வு இல்லை. ஆவி படியாது, ஏனென்றால் அது ஏற்கெனவே கண்ணீரில் நனைந்துதான் இருக்கிறது. மென்மையான கான்டாக்ட் லென்ஸின் பிறப்பே குளிர்காலத்தில்தான். 1961 கிறிஸ்துமஸின்போது பிராகில் ஓட்டோ விக்டர்லே என்ற வேதியியலாளர், பிள்ளைகளின் மெர்குர் கட்டுமானப் பொம்மைத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டிலேயே ஓர் இயந்திரம் செய்து, சுழற்றி வார்த்த லென்ஸ்கள் அவை. கண்ணிலேயே உறைந்துபோகாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். உறையாது. இமைக்குள் ஓடும் சூடான இரத்தமும் நொடிக்கு நொடி பூசப்படும் உப்புக் கண்ணீரும் அதற்கு இடம் தராது. உறைவது வண்டியில் இரவு முழுக்க விட்டுவைத்த லென்ஸ் டப்பா. உண்மையான தொல்லை வறட்சி. மலைக்காற்றில் நீராவி இல்லை, அது கண்ணீரைக் குடிக்கும். காகிள்ஸ் போட்டிருந்தால் அந்தத் தொல்லையும் பாதியாகும். அன்றன்றைக்குப் போட்டு எறியும் லென்ஸ், சட்டைப்பையில் இன்னொரு ஜோடி, பையில் பழைய கண்ணாடி. பொருந்துகிறவர்களுக்கு இதுவே முதல் வழி, மற்றதெல்லாம் இதற்கு அடுத்தவைதான் என்பது என் கருத்து. பொருந்தாதவர்களும் நிறைய உண்டு. வறண்ட கண், ஒவ்வாமை, சிறு பிள்ளைகள், கண்ணுக்குள் விரல் வைப்பதை நினைத்தாலே நடுங்குகிறவர்கள். நான் கடைசி இனம்.

கான்டாக்ட் லென்ஸ் போட்டுவிட்டு, ‘தெளிவாகத் தெரிகிறதே’ என்று காகிள்ஸ் இல்லாமல் இறங்குவது மட்டும் கூடாது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறும்போதெல்லாம் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுகிறது. புல்வெளி அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்பாது. புதுப்பனி எண்பது விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். தொப்பியின் விளிம்பால் பயனில்லை, வெயில் காலடியிலிருந்து வருகிறது. கருவிழியின் மேல்தோல் வெந்துபோவதைப் பனிக்குருடு என்கிறார்கள். அதன் கொடுமை அது உடனே தெரியாததுதான். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, ராத்திரியில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல எழுப்பும்.

ஆர்க்டிக் பகுதி மக்கள் இதற்குக் கண்ட வழி, எனக்குத் தெரிந்தவற்றில் மிகப் புத்திசாலித்தனமானது. கலைமான் கொம்பிலோ கடல்விலங்கான வால்ரஸின் தந்தத்திலோ மிதந்து வந்த மரத்திலோ முகத்துக்குப் பொருந்தும் கவசம் செதுக்கி, கண்ணுக்கு நேரே மெல்லிய கிடைக்கோட்டுப் பிளவு மட்டும் விட்டார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைய கவசங்கள் கிடைத்திருக்கின்றன. உட்புறம் சில சமயம் கரி பூசியிருக்கும். லென்ஸ் இல்லை, ஆகவே ஆவி இல்லை. வெளிச்சத்தில் பெரும்பங்கு வெளியிலேயே நின்றுவிடும். மேலும் ஒரு லாபம்: குறுகிய பிளவு ஊசித்துளைக் கேமராவைப் போலக் கலங்கலைக் குறைக்கும், மேல்கீழ் திசையில் மட்டுமாவது. கிட்டப்பார்வைக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதன் தத்துவம் அதுதான். பனிக்கும் கிட்டப்பார்வைக்கும் ஒரே கருவி உதவியதால் அன்று காகிள்ஸுக்கும் கண்ணாடிக்கும் சண்டை இல்லை. பக்கப் பார்வை போய்விடும் என்பதால் இன்றைய சரிவுகளுக்கு அது உதவாது.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. காகிள்ஸ் லென்ஸை ஒளி விடும் அளவை வைத்து 0 முதல் 4 வரை வகைப்படுத்துகிறார்கள். 3 என்றால் 8 முதல் 18 விழுக்காடு ஒளி, நல்ல வெயிலுக்கு. 1 என்றால் 43 முதல் 80 விழுக்காடு, மேகமூட்டத்துக்கு. வெயிலுக்குத் தக்கபடி தானே கருக்கும் லென்ஸ் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதன் மூலக்கூறுகள் மறுபடி வெளுப்பதற்கு வெப்பம் வேண்டும். குளிரில் அது அதிகமாகக் கருக்கும், மெதுவாக வெளுக்கும். வெயிலிலிருந்து பைன் மர நிழலுக்குள் திடீரென நுழைகிறவருக்கு அது நல்லதல்ல. மஞ்சள், செம்மஞ்சள் லென்ஸ்கள் நீலத்தை வடிகட்டுகின்றன. பனியில் விழும் நிழலுக்கு வெளிச்சம் தருவது நீல வானம்தான் என்பதால் நிழல்கள் கருமையாகி மேடுபள்ளம் எடுத்துத் தெரியும். முழு மேகமூட்டத்தில் நிழலே இல்லை. இல்லாத நிழலை எந்த லென்ஸும் உண்டாக்காது, விளம்பரம் என்ன சொன்னாலும். அந்த வெளிச்சத்தில் கண்மணி விரிகிறது, வெயிலில் தெரியாத 0.3 டயாப்டர் குறை அப்போது தன் முகத்தைக் காட்டும். பவரைச் சரியாகப் பொருத்துவதே அங்கே நிற வடிகட்டியைவிட உதவும்.

கண்ணாடியோடுதான் போவது என்று முடிவானால் லென்ஸ் பாலிகார்பனேட்டாகவோ டிரைவெக்ஸ் என்ற பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். ஹெல்மெட் மண்டையைக் காக்கும், முகம் பனியில் மோதும்போது காகிள்ஸுக்குள் உடையும் சில்லிலிருந்து கண்ணைக் காக்காது. பாலிகார்பனேட்டின் ஓரங்களில் வண்ண விளிம்பு கொஞ்சம் தெரியும். பரவாயில்லை, எளிதில் உடையாது. நாற்பதைத் தாண்டியவர்கள் ப்ரோக்ரெஸிவ் கண்ணாடியை அறையில் வைத்துவிட்டு வர வேண்டும். அதன் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. சறுக்குபவர் கீழே பார்ப்பது புத்தகத்தை அல்ல, பாதையை.

பேர்னுக்குத் திரும்பியபின் இரண்டாவது ஞாயிறு, கண்ணாடிக்கு மேல் போடும் ஆழமான காகிள்ஸ், ஆவித்தடைப் பூச்சு போட்ட மெல்லிய கம்பிக் கண்ணாடி, பி வகை ஹெல்மெட் என்று மூன்றும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனேன். வரிசையில் நின்றபோது ஓரங்களில் மூட்டம் எட்டிப் பார்த்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சேர்லிஃப்ட் ஏறிக் காற்று பட்டதும் போய்விட்டது. விழுந்தது பதினொரு முறை. ஒன்றுக்கும் கண்ணாடி காரணமில்லை.

நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தாலும், கடைக்கு உங்கள் ஹெல்மெட்டையும் உங்கள் கண்ணாடியையும் எடுத்துப் போங்கள். அவற்றோடு காகிள்ஸையும் சேர்த்து மூன்றையும் ஒன்றாக மாட்டி, காகிள்ஸின் வாரை ஹெல்மெட்டின் பின் கொக்கியில் செருகி, கடைப் படிக்கட்டில் இரண்டு முறை வேகமாக ஏறி இறங்குங்கள். பிறகு அசையாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள், மூச்சு வாங்க. விலைச்சீட்டை அப்போதும் படிக்க முடிந்தால் வாங்குங்கள்.